பெடலுக்கும் ஒரு பளபளப்பு

மூன்று பாலீஷ்களையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு சொன்னவள் நான்தான். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு தைரியம் வராமல் போகலாம்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, முகூர்த்த நாட்கள் தொடங்குகிற சமயம், என் கணவர் மெட்ராஸிலிருந்து ஒரு பழைய கறுப்புக் கார் வாங்கி வந்தார். கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று எண்ணம். ஓட்டத்தில் குறையில்லாத வண்டி. ஆனால் காஞ்சிபுரத்தில் கல்யாணக்காரர்கள் இஞ்சினைப் பார்ப்பதில்லை. புடவையை வெயிலில் சாய்த்துப் பார்ப்பது போலவே காரையும் பக்கவாட்டில் நின்று, தலையைச் சாய்த்து, வெளிச்சம் வழுக்குகிறதா என்று பார்ப்பார்கள்.

முதல் கிராக்கி திருப்புட்குழியிலிருந்து வந்தது. பெண்ணின் தகப்பனார், ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் வீட்டு வாசலில் வண்டியைக் கழுவினோம். என் பெண்ணுக்கு அப்போது பதினோரு வயது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் தண்ணீர் ஊற்றினாள். துடைத்து முடித்தபோது கார் சுத்தமாக இருந்தது. பளபளப்பாக இல்லை.

"டீச்சர், நீதான் சயன்ஸ் படிச்சவ. எது நல்லதுன்னு பாத்து சொல்லு," என்றார் கணவர். பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் விஞ்ஞான ஆசிரியை. கிண்டல் செய்யும்போதும் உதவி வேண்டும்போதும் அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

மூன்று வகை பாலீஷ் கையில் இருந்தது. முதலாவது, டாக்சி ஸ்டாண்டில் எல்லோரும் அடிப்பது: மண்ணெண்ணெயில் மெழுகைக் கரைத்து, கொசு மருந்து அடிக்கும் பம்பில் ஊற்றியது. இரண்டாவது, பாட்டிலில் வரும் வெள்ளைத் திரவம். மூன்றாவது, மெட்ராஸில் உதிரிபாகக் கடை ஒன்றில் வாங்கிய வெளிநாட்டு டப்பா. தலையை அமுக்கினால் புஸ்ஸென்று புகை போலப் பீய்ச்சும்.

இஞ்சின்மேல் இருக்கும் முன்மூடியை நெசவு ஊடை நூலால் மூன்று பாகமாகப் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு வகை. அரைமணி காயவிட்டு, பாகத்துக்கு ஒன்றாக வெள்ளைப் பட்டுத் துண்டுகளைத் தேய்த்துப் பார்த்தேன். இந்த ஊரில் காரில் ஏறி இறங்குகிறவர்களின் முந்தானை கதவில் உரசாமல் இருக்காது. மண்ணெண்ணெய்ப் பாகம் பட்டில் மஞ்சளாக இறங்கியது, போதாததற்குத் தெருப் புழுதியையும் இழுத்துப் பிடித்துக்கொண்டது. பாட்டில் திரவம் கறையாக்கவில்லை. ஆனால் கை வலிக்கத் தேய்க்கவேண்டியிருந்தது, இடுக்குகளில் விபூதி போல வெள்ளையாக நின்றுவிட்டது. டப்பாவில் ஒரு குறையும் தெரியவில்லை. பட்டு வெள்ளையாகவே வந்தது. தண்ணீர் தெளித்தால் சேப்பங்கிழங்கு இலைமேல் போல உருண்டு ஓடியது.

"அம்மா, எம் மொகம் தெரியுது," என்று பெண் முன்மூடிமேல் பல்லைக் காட்டினாள்.

"அழகா இருக்கற மொகமா பாத்துக் காட்டுமா, கஸ்டமர் பயந்துடப் போறாங்க," என்றார் அவள் அப்பா.

அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். கார் முழுக்க அதையே அடித்த பிறகும் டப்பாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கதவு ஓரத்து ரப்பரில் அடித்தேன், புதிதாய்ப் போட்டது போல் கறுத்தது. கால் மிதியடியில் அடித்தேன். பிறகு குனிந்து கிளட்சிலும் பிரேக்கிலும் அடித்தேன். தேய்ந்து சாம்பல் பூத்திருந்த பெடல் ரப்பர் இரண்டும் நாவல்பழம் மாதிரி ஆயின. எனக்குப் பெருமையாக இருந்தது. எடுத்த காரியத்தை முழுதாகச் செய்கிறவள் என்று என்னைப் பற்றி எனக்கே ஓர் எண்ணம் உண்டு.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டிக்குக் கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். பெண் முன் சீட்டில் அப்பா பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

"பங்க்ல காத்தடிச்சிக்கினு, நெசவுக்காரத் தெரு வழியா போயிடறேன். மார்க்கெட் பக்கம் இப்ப நுழைய முடியாது," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நான் பின்கட்டுக்குப் போய்ச் சாமான்களை ஒழுங்கு செய்தேன். காலி டப்பாவைத் தூக்கிப் போட மனமில்லை. சமையலறை அலமாரியில் அழகுக்கு வைக்கலாம் என்று தண்ணீரில் முக்கித் துடைத்தேன். கடைக்காரர் தன் கடைச் சீட்டை டப்பாவின் கீழ்ப்பக்கம் ஒட்டியிருந்தார். அது ஊறிக் கையோடு வந்தது. கீழே சிவப்பில் நாலு வரி ஆங்கிலம். தரையிலும், ஸ்டியரிங்கிலும், கால் வைக்கும் பெடல்களிலும் அடிக்கக் கூடாது, வழுக்கும்.

படித்ததும் புரிந்தது. ஆனாலும் நம்பாமல், நேற்று அந்தப் பாலீஷைத் துடைத்த துணியைச் செருப்பின் அடியில் தேய்த்து, அதைத் தரையில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினேன். கால் சுவர்வரை போயிற்று.

அடுத்த நிமிஷம் நான் தெருவில் ஓடிக்கொண்டிருந்தேன். வாசலைத் தாண்டும்போது அவர் செருப்பு கிடந்தது கண்ணில் பட்டிருந்தது. பூஜை செய்த வண்டி என்று வெறுங்காலோடு ஏறியிருக்கிறார். வெறுங்கால் பிடிக்குமா, இன்னும் வழுக்குமா? இருபது வருஷம் உராய்வைப் பற்றிப் பாடம் நடத்தியவளுக்கு அது தெரியவில்லை.

பங்க் ஒரு திசை, நெசவுக்காரத் தெரு எதிர்த் திசை. பங்குக்கு ஓடி, அவர்கள் அதற்குள் கிளம்பியிருந்தால்? நெசவுக்காரத் தெரு கிட்டம். எப்படியும் அங்கே வந்துதான் ஆகவேண்டும். முனையில் சைக்கிள் ரிக்‌ஷா ஒன்று நின்றது.

"இன்னா டீச்சரம்மா, ஞாயித்துக்கெழமைல இஸ்கூலா?"

"நெசவுக்காரத் தெருவுக்குப் போப்பா. சீக்கிரம். கார்ல பிரேக் பிடிக்காது, என் பொண்ணு இருக்கா அதுல."

ரிக்‌ஷாக்காரர் எழுந்து நின்று மிதித்தார். என் கையில் அந்த டப்பா இருந்தது. அதை ஏன் எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை. பாதி வழியில்தான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் அந்தத் தெருவில் பாவு நீட்டியிருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இருபுறமும் ஆட்கள் நின்று நீவிக்கொண்டிருப்பார்கள். சைக்கிளில் வருகிறவன்கூட இறங்கி நின்றுதான் போவான். காருக்கு அங்கே பிரேக் பிடித்தே ஆகவேண்டும்.

தெரு திரும்பியபோது கார் தெரிந்தது. சுற்றிலும் ஆட்கள். காரின் பளபளப்புதான் தூரத்திலிருந்து முதலில் கண்ணில் பட்டது. அதை நான் மறக்கவேயில்லை.

ரிக்‌ஷா நிற்பதற்கு முன் குதித்தேன். என் பெண் திறந்த கதவருகில் உட்கார்ந்திருந்தாள். வாயில் ஒரு துணி, அதெல்லாம் சிவப்பு. என்னைப் பார்த்ததும்தான் அழ ஆரம்பித்தாள். உதடு கிழிந்து, முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. வேறெங்கும் அடியில்லை. தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தேன், மறுபடியும் தடவிப் பார்த்தேன்.

காரின் முன்பக்கம் பாவின் கடைசிக் கட்டையைச் சாய்த்துவிட்டு நின்றிருந்தது. அங்கே ஒரு நெசவுக்காரம்மா, சாய்ந்த கட்டையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள். அவளுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும்.

"ஓடு ஓடுன்னு எல்லாம் கத்தறாங்க," என்று அவள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "எப்பிடி ஓடறது? மூணு பொடவைப் பாவு கையில இருக்குது. வுட்டா சிக்கு எடுக்கறது யாரு, உங்க ஆத்தாளா?" பேச்சு தைரியமாக இருந்தது. கட்டையை மட்டும் இடுப்போடு இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

என் கணவர் முகம் வெளுத்திருந்தது. "கை பிரேக்க இழுத்தேன், அதனால நின்னுது. நேத்துதான் பிரேக் சரி பண்ணிக் குடுத்தான் மெக்கானிக். போய் அவன..."

"மெக்கானிக் இல்லீங்க. நான்தான்." டப்பாவை நீட்டினேன். "பெடல்ல இத அடிச்சிட்டேன்."

அவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நெசவுக்காரம்மாதான் பேசினாள். "ஏம்மா டீச்சரம்மா, காலு வெக்கற எடத்துல மூஞ்சி பாக்கவா? படிச்சவங்க செய்யற வேலையா இது?" பிறகு என் பெண் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "பொண்ண டாக்டராண்ட தூக்கிக்கினு போ. பாவ நாங்க பாத்துக்கறோம்," என்றாள்.

அதே ரிக்‌ஷாவில் போனோம். உதட்டில் இரண்டு தையல். சாயங்காலம் நான் காருக்குள் மண்டியிட்டு, பெடலைச் சீயக்காயும் செங்கல்தூளும் போட்டுத் தேய்த்தேன். நகம் உடைந்ததே தவிர வழுக்கல் முழுதாகப் போகவில்லை. கணவர் கயிறு கயிறாகச் சணலைக் கொண்டுவந்து பெடலைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். கட்டும்போதுதான் சொன்னார்: "வெறுங்கால்ல இருந்ததால கால் நிக்கலன்னு முதல் அழுத்துலயே தெரிஞ்சிது, மெக்கானிக் கிரீஸ் விட்டுட்டான்னு நெனச்சேன். அங்கேருந்து மெதுவாதான் வந்தேன். செருப்பு போட்டிருந்தா தெரிஞ்சிருக்காது." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. மிச்சத்தை நான் இரண்டு வருஷமாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கை பிரேக் எட்டாமல் போனது போல, அந்த ஒரு முழம் இல்லாதது போல, முன் சீட்டில் யாரும் அழாமல் இருப்பது போல.

திருப்புட்குழிக்காரர் வேறு வண்டி பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம் எங்கள் வண்டிக்கும் கல்யாணங்கள் வந்தன. வெளியே இப்போது பாட்டில் திரவம்தான், கை வலிக்கத் தேய்க்கிறோம். இடுக்கில் நிற்கும் வெள்ளையைத் தீக்குச்சியால் எடுப்பது என் வேலை.

என் பெண்ணின் கீழுதட்டில் ஒரு கோடு இருக்கிறது. சிரிக்கும்போது தெரியும். அவள் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, காரில் முன் சீட்டுக்குத்தான் இன்றும் ஓடுகிறாள்.

வண்டி கிளம்பும் ஒவ்வொரு முறையும் நான் வாசலுக்கு வந்து, குனிந்து, அந்தச் சணல்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்க்கிறேன். சொரசொரப்பு கையில் குத்தவேண்டும். அதுவரை அவர் சீட்டில் உட்கார்ந்து, கால்கள் இரண்டையும் கதவுக்கு வெளியே வைத்தபடி காத்திருப்பார்.