வால் டியூபும் ஏழுமலையின் மூச்சும்

காணும் பொங்கலன்று மாலை மூன்று இருபதுக்கு வடக்குப்பட்டு ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்தினேன். முதலில் கண்ணில் பட்டது ஏழுமலையின் வெள்ளைச் சட்டை. சடுகுடு ஆட வந்த மற்றவர்கள் எல்லோரும் வெற்றுடம்போடு நின்றார்கள். ஊரின் சிறந்த ஆட்டக்காரர் மட்டும் சட்டையோடு வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் குடும்பக் கட்டுப்பாட்டு ஊழியன். மூன்று பிள்ளைகளின் தகப்பனான ஏழுமலை, ஐப்பசியில் எங்களிடம் வாசக்டமி என்ற ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர். அந்த ஊரில் அவர்தான் முதல் ஆள். இரண்டாவது ஆள் இன்னும் வரவில்லை.

அணித் தலைவன் கன்னியப்பன் அவருக்கு மச்சான். அவனிடம் காரணம் கேட்டேன்.

"கோச்சுக்காத சார். எங்க மாமன்தான், இல்லேங்கல. ஆனா குழாய வெட்டுன ஆளு. ஒரே மூச்சுல பாட முடியாது. பாதியில காத்து எறங்கிடும்."

"யாருப்பா சொன்னது?"

"நீதான் சார்! கூட்டம் போட்டு வால் டியூப வெட்டிக் காட்டுனியே!"

உண்மைதான். விந்துக்குழாயை வெட்டி முடிச்சுப் போடுவதை விளக்க, சைக்கிள் சக்கரத்தில் காற்றைப் பிடித்து வைக்கும் அந்தச் சின்ன ரப்பர் குழாயைத்தான் கத்தரித்துக் காட்டியிருந்தேன். வெட்டிய வால் டியூபில் காற்று நிற்காது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஏழுமலையின் மனைவி முனியம்மா வந்துவிட்டார்.

"இன்னாடா தம்பி, எம் புருசன் மூச்சு உன் சைக்கிள்லயா கீது? வூட்ல எங்கூட சண்டை போட்டா ஒரே மூச்சுல ஊரையே கூட்டுறாரு. வந்து கேட்டுப் பாரு!"

எதிரணியான வல்லத்து ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எறக்கி வுடுங்கப்பா பஞ்சர் பார்ட்டிய! பம்பு நாங்க தர்றோம்!"

ஏழுமலை சட்டையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். அவர் மூச்சு அறுந்தால் அவருடைய பெயர் போகும். அந்த ஊரில் அதன் பிறகு என் பேச்சை யாரும் கேட்கப் போவதில்லை.

ஏழுமலை பாடிக்கொண்டே கோட்டைத் தாண்டினார். ஒருவன் இடுப்பைப் பிடித்தான், இருவர் கால்களைப் பிடித்தார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டாவது விநாடியில் மூவரையும் இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டைத் தொட்டார். பாட்டு அறுபடவில்லை. மூவரும் அவுட்.

முனியம்மா சட்டையை உதறினார். "இன்னாடா, காத்து எறங்கிச்சா?"

"பம்பே வாணாம்க்கா," என்றான் கன்னியப்பன்.

மறுநாளே வால் டியூபைக் கைவிட்டேன். அதன் பிறகு படம் வரைந்துதான் விளக்கினேன். இளம் ஊழியர்களுக்குச் சொல்வது இதுதான்: ஒரு பொருளைக் காட்டி விளக்கும்முன், பார்ப்பவர் வீட்டில் அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று யோசியுங்கள்.

தை மாதக் கடைசியில் நடந்த முகாமுக்கு வல்லத்திலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். ஐவரும் அன்று ஆடித் தோற்றவர்கள். ஆபரேஷன் செய்துகொண்டால் மூச்சு கூடும் என்று அங்கே பேச்சாம். கூடவும் கூடாது, குறையவும் குறையாது என்று படம் போட்டுச் சொன்னேன். பிள்ளை குட்டிக்காரர்கள் மூவர், அதைக் கேட்ட பிறகும் தங்கினார்கள். மற்ற இருவரை நானே திருப்பி அனுப்பினேன். அவர்களுக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை.