அண்ணன் அறுத்த நட்டு

எங்கள் அண்ணனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஒரு நாள் மாலை நான் முழு மனத்தோடு நம்பினேன். முதலாமாண்டு நினைவு மலரை இப்படியா தொடங்குவது என்று அண்ணியார் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் அன்றைக்குக் கலங்கியது யாருடைய மூளை என்பது அவருக்கும் தெரியும்; என் தலையில் ஒரு செம்பு தண்ணீரைக் கவிழ்த்தவரே அவர்தான்.

அண்ணன் மலாயாவில், மலாக்காவை அடுத்த மஸ்ஜித் தானா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். மீசை அரும்பும் முன்பே அப்பாவை இழந்து, அம்மாவோடு பால்மரம் வெட்டி எங்களை வளர்த்தார். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போய் எலும்பும் தோலுமாகத் திரும்பினார். அங்கே நடந்ததை அவர் சொன்னதில்லை. கேட்கும் துணிச்சல் எங்களுக்கும் வந்ததில்லை. பிறகு தோட்டத்து ஆலையில் பிட்டர் வேலை. வீட்டுக்குப் பின்னால் நான்கு தகரத்தை இறக்கி, ஒரு பழைய இடுக்கியை மேசையில் பூட்டி, தனக்கென்று ஒரு பட்டறையும் வைத்துக்கொண்டார்.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலச் சட்டம் இருந்த நேரம் அது. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. மாலை ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டினால் மறுநாள் காலைதான் திறப்பார்கள். நான் தோட்டத்து லாரி டிரைவர். அண்ணன் வீட்டில் என் மனைவிக்குத் தலைப்பிரசவ வலி கண்டிருந்தது. பிற்பகலில் மருத்துவச்சி வெளியே வந்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்றார்.

லாரியோ முன்சக்கரம் பஞ்சராகி அண்ணன் வீட்டருகே நின்றது. ஓடிப்போய் மாற்றுச் சக்கரத்தை மாட்டினேன். நட்டைக் கையால் திருகி, அது தன் வழியைப் பிடித்த பிறகே ஸ்பேனரைப் போட வேண்டும். இது எனக்குத் தெரியும். என் கைகளுக்குத்தான் அன்று மறந்துவிட்டது. நட்டுகளைக் கோணலாக வைத்து, ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் செருகி, அதில் குரங்கு போலத் தொங்கினேன். நன்றாக இறுகிவிட்டது என்று பெருமையோடு நிமிர்ந்தால் சக்கரம் ஆடுகிறது. ஆறு போல்ட்டில் மூன்றின் மரையை, அந்தத் திருகு வரிகளை, நான் மென்று துப்பியிருந்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தபோதுதான் அண்ணியாரின் செம்பு வந்தது.

அண்ணன் வந்தார், பார்த்தார், சக்கரத்தைக் கழற்றினார். கெட்டுப்போன நட்டுகளுக்குப் பதிலாக மாட்ட, அவருடைய டப்பாவில் அந்த அளவில் மூன்றே நட்டுகள் கிடந்தன. அதில் ஒன்றை இடுக்கியில் பிடித்து, இரும்பு வாளால் சரிபாதியாக அறுக்கத் தொடங்கினார். நான் தொடக்கத்தில் சொன்ன நம்பிக்கை பிறந்தது அந்தக் கணத்தில்.

"அண்ணே, இருக்கிற நட்டையும் அறுத்துட்டா, சக்கரத்தைக் கயித்துலயா கட்டுறது?"

"உன் வாயில கட்டலாம்லா. சும்மாதானே இருக்கு. இந்த எண்ணெயைப் புடி."

மூன்று முனை அரத்தால் மரையின் நசுங்கிய மேடுகளை மெல்லச் சீவினார். பிறகு நட்டின் இரண்டு பாதிகளையும் போல்ட்டின் அடியில், கெடாமல் இருந்த மரையின்மேல் பொருத்தி, பிடிப்புக்குறடால் அழுத்திப் பிடித்து, வெளிப்புறமாகத் திருப்பலானார். கொஞ்சம் வெளியே, கொஞ்சம் உள்ளே. எண்ணெய். மறுபடி வெளியே. ஏன் அடியிலிருந்து என்று கேட்டேன்.

"கெட்ட எடத்துல ஆரம்பிச்சா, அந்தக் கோணல்லயேதான்டா போவும். நல்ல எடத்துலருந்து வந்தா, வழி அதுக்கே தெரியும்."

இதை இன்று நம் உறவினர் சிலர் வாழ்க்கைத் தத்துவமாக எடுத்துச் சொல்கிறார்கள். அண்ணன் சொன்னது போல்ட்டைப் பற்றி மட்டுமே. ஆனால் நான் கண்டதை எப்படிச் சொல்வேன்? சிதைந்துபோன இரும்பில், அவர் கைக்குப் பின்னால் வரிவரியாக மரை எழுந்து வந்தது, பளபளவென்று, நேற்றுத்தான் பிறந்தது போல. உள்ளே என் மனைவி அலறுகிறாள். கேட்டில் சாவியோடு மாத்தா-மாத்தா, அதாவது போலீஸ்காரர், நிற்கிறார். அவரோ கொஞ்சம் வெளியே, கொஞ்சம் உள்ளே என்று திருப்பிக்கொண்டே இருக்கிறார். கோயிலில்கூட நான் அப்படி வாய் பிளந்து நின்றதில்லை. கடைசியில் நட்டை வைத்து இரண்டு விரலால் சுண்டினார். அது தானே சுழன்று உள்ளே போனது.

ஓய்வுபெற்ற பின் பாச்சாங்கில் மகன் வீட்டில் இருந்தார். நெஞ்சுவலி கண்டு படுத்த கடைசி வாரத்திலும், கட்டில் கிரீச்சிடுகிறது, எண்ணெய் கொண்டு வா என்றுதான் என்னிடம் சொன்னார். அந்நாட்களில் இரவும் பகலும் உடனிருந்த அண்ணியாருக்கும், பாடை சுமந்த மருமக்களுக்கும், வெயில் பாராமல் பந்தல் போட்ட அண்டைவீட்டாருக்கும், தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்த பழைய தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

அன்று லாரி ஐந்து நட்டுகளோடு ஆறு மணிக்கு முன் கேட்டைத் தாண்டியது. அண்ணன் கூடவே வந்து, ராணுவம் மறித்த இடத்திலெல்லாம் இறங்கி நட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். எதுவும் தளரவில்லை. ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.