டிரசர் இன்னும் உள்ளே இருக்கிறார்

இது நிஜமாக நடந்தது. நம்பாதவர்கள் மலேசியாவில் தம்பின் ஊர்ப் பக்கம் வந்து சுகுமாறனையே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பொய் சொல்லிப் பட்டதே போதும் என்று இருக்கிற மனிதர் அவர். ஒன்பது எஸ்டேட்டுகளின் கம்ப்யூட்டர்களையும் ஒற்றை ஆளாக, பழைய மோட்டார் சைக்கிளில் போய்ப் பழுது பார்க்கிறவர். முதுகுவலி தீர்ந்த நாளே கிடையாது.

அன்று செவ்வாய்க்கிழமை. மத்தியானம் மூன்றே முக்கால். நல்ல மழை. பதினொரு மாதம் கழித்து அந்த எஸ்டேட்டுக்கு இப்போதுதான் வந்திருந்தார்.

ஆபிஸ் வாசலில் புஷ்பவள்ளி உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்திரண்டு வயதாகியும் குடியுரிமைக்கான நீல ஐசி அட்டை கிடைக்கவில்லை, பாவம். மறுநாள் காலை சிரம்பானில் விசாரணை. இந்தத் தோட்டத்தில்தான் பிறந்தாள் என்பதற்கு ஒரு தாள் வேண்டும். பிறப்புப் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது. அதற்கு முன்பே தோட்டத்துக் கிளினிக்கில் வைத்தியம் பார்க்கும் டிரசர் சிவானந்தன் அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். அந்த ஒரு ஃபைல்தான் மிச்சம்.

அதில் அவளுடைய வரி மட்டும் உடைந்து கிடந்தது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள்.

யார் செய்த வேலை என்று சுகுமாறனுக்குத் தெரியும். ஃபைல் ஆபிசில் இருக்கிறது. கிளினிக்கும் ஸ்டோரும் கேபிள் வழியாக அதையே திறக்கும். எல்லாரும் ஃபைலை மூடி வெளியே வந்த பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு, வீடு போய்ச் சேரும் அவசரத்தில், டிரசர் டைப் செய்துகொண்டிருக்கும்போதே சுகுமாறன் கேபிளைப் பிடுங்கிவிட்டார். டிரசர் போனில் கேட்டதற்கு, "எல்லாம் ஏறிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டார்.

ஸ்டோரில் ஃபைலை மூடியாயிற்று. ஆபிசில் கணக்கு எழுதும் கிராணி விமலாவும் தன்னுடையதை மூடிவிட்டுத் தேநீர் கலக்கப் போனாள்.

4.11. ஃபைலுக்குள் இன்னும் யார் இருக்கிறார்கள் என்று திரையில் பட்டியலைப் பார்த்தார்.

ஒரு பெயர் இருந்தது. கிளினிக்.

மேசைப் போனில் கிளினிக்கின் நான்காம் எண்ணை அழுத்தினார். டிர்ர்ர்... டிர்ர்ர்...

"ஓம் தம்பி, நான்தான் உள்ளுக்க இருக்கிறன். ஒரு பேர் மிச்சம். இந்த முறை பிடுங்கிப் போடாதேயும்."

டிரசருடைய அதே யாழ்ப்பாணத்துக் குரல். சரி சார் என்றார். காத்திருந்தார்.

4.14...

4.16...

4.17. பெயர் மறைந்தது.

சரிசெய்து திறந்தார். புஷ்பவள்ளி. தாய் முத்தாயி. லயத்து வீட்டு எண், பிறந்த நேரம்... எல்லாமே இருந்தன. தாள் கைக்கு வந்ததும் புஷ்பவள்ளி அம்மா பெயரை விரலால் தடவித் தடவிப் பார்த்து அழுதாள்.

டிரசருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போகிறேன் என்றார் சுகுமாறன்.

விமலா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எந்த டிரசர்? அவரு தீவாளிக்கு முன்னாடியே எறந்துட்டாருலா. கிளினிக்க ஒடச்சாச்சு."

"அந்த கம்ப்யூட்டர்?"

அவள் மேசைக்கு அடியில் காட்டினாள். தூசி படிந்த பெட்டி. கேபிள் எதிலும் மாட்டாமல் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. இத்தனை நாளும் அவள் கால் வைத்து உட்கார்ந்த பெட்டி.

குனிந்து தொட்டார்.

சூடாக இருந்தது.

இன்றைக்கும் அவரைத் தூங்கவிடாதது அந்தச் சூடு அல்ல. 'இந்த முறை' என்றாரே...

கேபிளைப் பிடுங்கியதை அந்த நாள் வரை சுகுமாறன் யாரிடமும் சொன்னதில்லை. டிரசரிடமும்தான்.