சென்றாயன் மாட்டிய இரண்டாவது பூட்டு

சென்றாயனைப் போல வண்டியைப் பூட்டி வைத்த ஆளை நாமகிரிப்பேட்டையில் நான் பார்த்ததில்லை. மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் ஒரு டிராக்டரும் டிரெய்லரும்தான் அவன் சொத்து. சாயங்காலம் என் இரும்புப் பட்டறைக்குப் பக்கத்துப் புளியமரத்தடியில் டிரெய்லரைக் கழற்றி நிறுத்துவான். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, சங்கிலியால் மரத்தோடு கட்டுவான். டிராக்டரோடு சேர்க்கிற வளையத்துக்குள் பெரிய பூட்டு ஒன்றை மாட்டுவான். வேறு எவனும் வந்து இழுத்துப் போக முடியாது. அந்த வளையத்தில் செருகுகிற பின்னை, ஒரு சாண் நீள இரும்பை, துண்டில் சுற்றி வீட்டுக்கே எடுத்துப் போய்விடுவான்.

"பொண்டாட்டிய மறந்தாலும் பின்ன மறக்கமாட்டான்" என்று ஊர் சிரிக்கும். காரணம் தெரிந்தும் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

எழுபத்தெட்டில், நிறுத்தியிருந்த வண்டியிலிருந்து எவனோ நல்ல பின்னை உருவிக்கொண்டு, அந்த இடத்தில் மெல்லிய போல்ட் ஒன்றைச் செருகிவிட்டான். விடிந்ததும் சென்றாயன் கவனிக்காமல் கிளப்பிப் போனான். ராசிபுரம் சாலை மேட்டில் போல்ட் ஒடிந்தது. டிரெய்லர் பின்னோக்கி ஓடிக் கவிழ்ந்தது. மூட்டைமேல் உட்கார்ந்திருந்த அவன் தம்பி காத்தான் அதற்கடியில் செத்துப்போனான். அதற்குப் பிறகு புதுப் பின் அடித்துக் கொடுத்தவன் நான்.

எண்பத்து மூன்று சித்திரையில் அந்தப் பின் அவன் வீட்டுக்குள்ளிருந்தே காணாமல் போயிற்று.

"இன்னொன்னு அடிச்சுத் தாரேன், விடு சென்றாயா" என்றேன். அவன் கேட்கிற நிலையில் இல்லை.

எங்கள் ஊர் முனியப்பன் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. தீங்கு செய்தவன் யாரென்று தெரியாவிட்டால், சாமி முன்னால் இருக்கிற கம்பியில் ஒரு பூட்டை மாட்டிச் சாபம் விட்டு, சாவியைக் கொண்டுபோய்விடுவார்கள். குறை தீர்ந்தால் வந்து திறக்க வேண்டும். "எம்பின்னத் தொட்ட கை வெளங்காம போவட்டும்" என்று சென்றாயன் பூட்டினான். அவசரக்காரன், சாவியைத் தன் தோட்டத்துக் கிணற்றில் வீசிவிட்டான். பக்கத்தில் நின்ற அவன் மனைவி சாலம்மாள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

எட்டாம் நாள், சோறு போடும்போது அவள் வலது கையிலிருந்து கரண்டி விழுந்தது. அப்புறம் கை எழவே இல்லை. ராசிபுரத்து டாக்டர் ஊசியால் குத்தினார், அவளுக்கு வலிக்கவில்லை. காரணம் தெரியவில்லை என்று அனுப்பிவிட்டார்.

திரும்பும் வழியில் இருவரும் என் பட்டறையில் இறங்கினார்கள். அங்கேதான் அவள் வாய் திறந்தாள்.

"நாந்தாங்க எடுத்தேன். கெணத்துல போட்டுட்டேன்."

"ஏனம்மிணி?"

"அஞ்சு வருசமா அதத் தலமாட்டுல வெச்சுக்கிட்டு, 'காத்தா, தூங்கிட்டயா?'ன்னு கேக்கறாருங்க. கேட்டுட்டுக் காதுல வெச்சுக்குவாரு. ஒரு மத்தியானம், ஊட்டுல ஆருமில்ல, நானும் அப்படியே கேட்டுப் பார்த்தேன்." அவள் குரல் இறங்கியது. "'இல்ல'ன்னு சொல்லுச்சுங்கண்ணா."

பேய் பிசாசை நம்பாதவன் நான். ஆனாலும் உலை முன்னால் நின்றபடியே எனக்கு உடம்பு சில்லிட்டது. சென்றாயன் அவளைத் திட்டவில்லை. அந்தத் தொங்கிய கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

இரண்டு நாள் மோட்டார் ஓட்டிக் கிணற்றை இறைத்தோம். பின் கிடைத்தது. சாவி சேற்றோடு போய்விட்டது. சென்றாயன் வந்து ரம்பம் கேட்டான்.

"சாமிக்குப் போட்ட பூட்ட அறுக்கலாமாப்பா?"

"தெரியலீங்கண்ணா. அவ கை எனக்கு வேணும்."

உச்சிவெயிலில் நானும் கூடப் போனேன். கோயிலில் ஆளில்லை, காற்றில்லை. கம்பி நிறையத் துருப்பிடித்த பூட்டுகள். அவன் அறுத்தான். பூட்டு கழன்று விழுந்த நொடியில் மற்ற பூட்டுகளெல்லாம் ஒருமுறை குலுங்கி நின்றன. கம்பி அதிர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சென்றாயன் மடியிலிருந்து ஒரு புதுப் பூட்டை எடுத்தான். "அன்னைக்குப் பின்னத் தொட்டுக்கூடப் பாக்காம வண்டியெடுத்த கை இதுதாஞ்சாமி" என்று சொல்லிப் பூட்டினான். நான் தடுக்கக் கை நீட்டுவதற்குள் முடிந்துவிட்டது. இந்தச் சாவியை வீசவில்லை. கொண்டுபோய்ச் சாலம்மாளிடம் கொடுத்தான்.

ஆனி மாதம் அவள் கை சரியாயிற்று. அதே மாதம் அவன் வலது கை விழுந்துவிட்டது. நல்ல கையைக் கொண்டுபோய்க் கொடுத்தானே பாவி என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சாவி அவள் தாலிக்கயிற்றில் தொங்குகிறது. திறக்கட்டுமா என்று அவள் எத்தனையோ தரம் கேட்டுவிட்டாள். "இருக்கட்டும்" என்பதற்கு மேல் அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போது டிராக்டரைக் கூலி டிரைவர் ஓட்டுகிறான். சாயங்காலம் கல் வைத்து, சங்கிலி கட்டி, பின்னை உருவுகிறவள் சாலம்மாள்தான். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்:

"அம்மிணி, அது இன்னும் பேசுதா?"

அவள் பின்னைத் துண்டில் பதனமாகச் சுற்றினாள்.

"இல்லீங்கண்ணா. இப்ப ரெண்டு பேருமே தூங்கறாங்க."