ஸ்டெல்லா சொன்ன இரண்டு சாட்சிகள்

நான் முன்பு இருந்த ஆஸ்பத்திரியில் இப்போது வேலை செய்கிற ஆயாமார்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். வார்டுக்கு ஜெபம் பண்ண வருகிறவர்களில் யார் நல்லவர், யார் போலி, எப்படிக் கண்டுபிடிப்பது என்று. வாயால் சொன்னால் பாதி மறந்துவிடுவார்கள். அதனால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்புதான் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், அவசரமில்லை.

முதல் நாள்

ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் முப்பத்தொரு வருஷம் ஆயாவாக இருந்தேன். சேர்ந்த முதல் நாளே ஒரு பெண்ணுக்கு ஃபிட்ஸ் வந்தது. நான் ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தேன். வார்டு சிஸ்டர் என் கையைத் தட்டிவிட்டார்.

"இரும்பு குடுத்தா நிக்காது, ஞானம்மா. ஒருக்களிச்சுப் படுக்க வை. வாயில ஒண்ணும் வைக்காத. எத்தனை நிமிஷம் இருக்குன்னு கடிகாரத்தைப் பாரு."

அந்தப் பெண் தானாக மாத்திரையை நிறுத்தியிருந்தாள். ஃபிட்ஸ் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமாக வரும் என்று சிஸ்டர் சொன்னார். அன்று கற்றதை நான் மறக்கவேயில்லை. மறக்காமலிருந்தும் என்ன செய்தேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஜெபம் பண்ண வந்தவர்களையும் அந்த வார்டில் நிறையப் பார்த்தேன். நல்லவர் வந்தால், "சாப்ட்டியாம்மா?" என்று முதலில் கேட்பார். நோயாளிக்கு பெட்பேன் வேண்டுமென்றால் வெளியே போய் நிற்பார். போலியானவர் அடுத்த பெட்டுக்கும் கேட்கிற மாதிரிக் கத்துவார். கூட வந்தவன் செல்போனில் படம் பிடிப்பான். கண்ணை மூடி ஜெபிக்கிற மனுஷன் நடுவில் ஒரு கண்ணைத் திறந்து கேமரா எங்கே என்று பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

முன்வரிசை நாற்காலி

ரிடையர் ஆன பிறகு லிங்கராஜபுரத்தில் இருக்கிறேன். எங்கள் தெருமுனையில் ஹார்ட்வேர் கடைக்கு மேல் மாடியில் ஒரு ஜெப ஹால் திறந்தார்கள். நடத்துகிறவருக்கு நாற்பது வயது இருக்கும். வெள்ளை ஷூ, தங்க ஃபிரேம் கண்ணாடி, ஏறும்போதே சென்ட் வாசனை. பாஸ்டர் என்று கூப்பிட்டால் அவருக்குப் போதாது, தீர்க்கதரிசி என்று கூப்பிட வேண்டும். வேதத்தில் ஓநாய் ஆட்டுத்தோல் போட்டுக்கொண்டு வரும் என்று படித்திருக்கிறேன். வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

முதல் நாள் அவர் என் கையைப் பிடித்து, இந்தக் கையில் குணமாக்கும் வரம் இருக்கிறது என்றார். முன்வரிசையில் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொன்னார். என் கையைப் பற்றி எனக்கும் அதே எண்ணம்தான். அதனால் அவர் சொன்னதும் உண்மை என்று நம்பிவிட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் டாக்டர்களுக்கே பயப்படாதவள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கு விலை போனேன்.

எங்கள் வீட்டுக்குக் கீழே ஸ்டெல்லா குடியிருக்கிறாள். கார்மென்ட்ஸில் தையல் வேலை. புருஷன் ஆட்டோ ஓட்டுகிறான். அப்போது ஏழு மாதக் கைக்குழந்தை. அவளுக்குச் சின்ன வயதிலிருந்து ஃபிட்ஸ் உண்டு. மாத்திரை தவறாமல் போட்டதால் நாலு வருஷமாக ஒன்றும் வரவில்லை. அவளை அந்த ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான்.

மாத்திரை விழுங்குகிறவன் ஆண்டவரை நம்பவில்லை என்று அவர் அன்று பிரசங்கம் பண்ணினார். ஸ்டெல்லாவை மேடைக்குக் கூப்பிட்டு, மாத்திரைப் பட்டையைக் காணிக்கைத் தட்டில் போடச் சொன்னார். மைக்கை நீட்டினார். "எனக்கு சுகமாயிடுச்சு" என்று அவள் சாட்சி சொன்னாள். ஹாலே கை தட்டியது. நிறுத்தக் கூடாது என்று தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். நானும் தட்டினேன்.

நாக்கின் ஓரம்

மூன்று வாரம் கழித்து ஸ்டெல்லாவுக்கு ரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சூடாகக் குடிக்கிறவள், ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். முழங்கையிலும் கன்றிப்போயிருந்தது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"வாயைத் தொற, பாக்கறேன்."

நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த காயம். நுனியில் கடிபட்டால் சோறு தின்னும்போது என்று சொல்லலாம். ஓரத்தில் இப்படிக் கடிபட்டால் ஃபிட்ஸ்தான் என்று எனக்குத் தெரியும். இரண்டு தடவை வந்துவிட்டது என்று அழுதாள். ஒரு தடவை குழந்தையை டப்பில் குளிப்பாட்டும்போதே வந்திருக்கிறது. மாமியார் பக்கத்தில் இருந்ததால் குழந்தை பிழைத்தது.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றேன். அவள் அசையவில்லை.

"முடியாது ஆயாம்மா. சாட்சி சொல்லிட்டேன். இப்போ மாத்திரை போட்டா ஆண்டவர் முன்னாடி பொய் சொன்னா மாதிரி ஆயிடும். தீர்க்கதரிசியே போடுன்னு சொன்னா போட்டுக்கறேன்."

இதை வெளி ஆட்கள் புரிந்துகொள்ள மாட்டார்கள். எங்கள் சபைகளில் எழுந்து நின்று சாட்சி சொல்லிவிட்டால், அதைத் திரும்ப வாங்குகிற வழக்கமே கிடையாது. அந்த வெள்ளை ஷூக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். அவர் யாரிடமும் டாக்டர் சீட்டுக் கேட்டதில்லை. மைக்கை மட்டும் நீட்டுவார். அதற்குப் பிறகு அவருடைய பொய்யை நோயாளியே தன் வாயால் காவல் காப்பாள். அடுத்த தடவை மாமியார் கடைக்குப் போயிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். மாத்திரை போடு என்று அவர் வாயாலேயே சொல்ல வைப்பதென்று முடிவு செய்தேன்.

மைக் இல்லாமல்

மறுநாள் காலை அங்கே உபவாச ஜெபம். ஸ்டெல்லாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். பிரசங்கம் ஆரம்பிக்குமுன் எழுந்து நின்றேன். தீர்க்கதரிசி என்று கூப்பிடவில்லை.

"தம்பி, இந்தப் பொண்ணுக்கு ஃபிட்ஸ் திரும்ப வந்துடுச்சு. மாத்திரை போடச் சொல்லுங்க."

அவர் சிரித்தார். "விசுவாசம் கொறைஞ்சிருக்கும்மா. உங்க மேலயும் ஒரு சந்தேக ஆவி இருக்கு."

சுகமானால் அவருடைய வல்லமை, சுகமாகாவிட்டால் அவளுடைய குறை. எங்கள் வார்டில் புண் சீழ் பிடித்தால், கட்டுப் போட்டது யார் என்றுதான் முதலில் கேட்பார்கள். நோயாளியின் விசுவாசத்தைக் கேட்க மாட்டார்கள்.

"கண்ணாடி எதுக்குப் போட்டிருக்கீங்க தம்பி?"

"வேதம் வாசிக்கம்மா."

"கழட்டிட்டு வாசிங்க. விசுவாசம் இருக்கில்ல?"

பின்னால் யாரோ முந்தானைக்குள் சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது. அது வேறு, இது வேறு என்றார். என்ன வேறு என்று கேட்டேன். கீபோர்டு வாசிக்கிறவனுக்குக் கை காட்டினார், அவன் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தான்.

அப்போதுதான் ஸ்டெல்லா எழுந்தாள். அவர் போடு என்று சொல்லட்டும் என்று காத்திருந்தவள், அவருடைய முகத்தைப் பார்த்தே முடிவு செய்துவிட்டாள் என்று நினைக்கிறேன். குழந்தையை என் மடியில் வைத்தாள். மைக் கொடுக்கவில்லை. கீபோர்டுக்கு மேலே கத்தித்தான் சொன்னாள்.

"எனக்கு சுகமாகல. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. மாத்திரை போடப் போறேன்."

யாரும் கை தட்டவில்லை. நாங்கள் இறங்கி வந்து அவள் புருஷனின் ஆட்டோவில் ஏறினோம். பின்னாலேயே இரண்டு பெண்கள் மாடிப்படி இறங்கி வந்து, தங்களுடைய சுகர் மாத்திரையை என்ன செய்வது என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்கள். டாக்டரிடம் கேளுங்கள், அந்த ஆளிடம் கேட்காதீர்கள், என்னிடமும் கேட்காதீர்கள் என்றேன்.

என் பழைய ஆஸ்பத்திரிக்கே போனோம். அங்கே டாக்டரம்மா ஸ்டெல்லாவைத் திட்டவில்லை. மாத்திரையை மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஞானம்மா, அவளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே."

நான் சீட்டை வாங்கிக்கொண்டு மருந்து வாங்கும் வரிசையில் போய் நின்றேன்.

ஸ்டெல்லா இப்போது நன்றாக இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள். அந்த ஹாலும் நடக்கிறது. வெட்கப்படுகிற ஆளாக இருந்தால் மூடியிருப்பார்.

ஆயாமார்களே, நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கேள்வி கேட்டால் உங்கள் மேல் ஆவி இருக்கிறது என்பவனை நம்பாதீர்கள். உங்களுக்கு எதில் பெருமை என்று தேடி, முதல் நாளே அதைப் புகழ்கிறவனிடம் இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள். அவனை எதிர்த்துப் பேசினேன் என்று மட்டும் எழுதினால் உங்களுக்கு என் மேல் மரியாதை கூடும். ஆனால் அவளைக் கூட்டிக்கொண்டு போனதையும் கை தட்டியதையும் விட்டுவிட்டு எழுதினால், நானும் அந்த மேடையில் நின்று சாட்சி சொன்னவள் ஆகிவிடுவேன்.