படம் இருந்த இடம்

என் தங்கை சவுரியம்மாளுக்கு எழுத்து வந்தது, எனக்கு வரவில்லை. பைபிள்காரம்மா எழுத்துச் சொல்லிக்கொடுக்க எங்கள் தெருவுக்கு வந்தபோது அவள் ஓடிப்போய் முன்னால் உட்கார்ந்தாள். நான் ஆட்டை ஓட்டிக்கொண்டு பாலாற்றுப் பக்கம் போய்விட்டேன். எழுத்துத் தெரியாதவள் புத்தகத்தைப் பற்றி என்ன பேசுவது என்று யாரும் கேட்க வேண்டாம். அவள் செய்த புத்தகங்கள் எல்லாம் என் கண்ணெதிரே ஆனவை.

ஆம்பூரில் அப்போது ஒரு வெள்ளைக்கார அம்மாள் கண் தெரியாத பிள்ளைகளுக்குச் சின்னதாகப் பள்ளிக்கூடம் நடத்தினாள். அங்கே விரலால் தடவித்தான் படிப்பு. தடித்த தாளைப் பித்தளைச் சட்டத்தில் மாட்டி, குத்தூசியால் புள்ளி புள்ளியாகக் குத்த வேண்டும். குத்துவது ஒரு பக்கம், புள்ளி எழும்புவது மறுபக்கம். அதனால் சவுரி வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டு போவாள். புருஷன் காலராவில் போன பிறகு அவளுக்கு அதுதான் பிழைப்பு. அச்சுப் புத்தகத்தைத் தொடைமேல் விரித்து வைத்து, டொக் டொக்கென்று பகலெல்லாம் அந்தச் சத்தம்தான்.

பாடப்புத்தகம் செய்யச் சொன்னபோதுதான் வம்பு வந்தது. குழந்தைகள் புத்தகம்; பாடத்துக்கு ஒரு படம். மேலே கொஞ்சம் எழுத்து, நடுவில் படம், கீழே மீதி எழுத்து, கடைசியில் கேள்விகள். சவுரியும் ஒரு பாடத்துக்கு ஒரு பெரிய தாள் என்று வைத்து, படம் வருகிற இடத்தை அப்படியே வெறுமையாக விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்துத் தானியேல் வாத்தியார் தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா சவுரியம்மா, நடுவுல மைதானம் மாதிரி விட்டு வச்சிருக்கே?"

"அங்க படம் இருக்குது, வாத்தியாரே."

"இதுங்களுக்குப் படம் எதுக்கு? நெருக்கி எழுதும்மா. தாளு சீமையிலேர்ந்து கப்பல்ல வருது."

"கண்ணு இருக்கிற புள்ளைங்களுக்கு ஜாஸ்தி, இதுங்களுக்குக் கம்மியா? ஏதோ ஒண்ணு இருந்துச்சுன்னாவது தெரியட்டுமே."

"உன்னோட பெரிய பேஜாரும்மா" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். வெள்ளைக்கார அம்மாளும் தாளைப் பார்த்து, அச்சுப் புத்தகம் மாதிரியே இருக்கிறது என்று மெச்சினாள். சவுரிக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பாடப்புத்தகம் செய்தது ஒரே ஒன்றுதான். அதை முதலில் செண்பகத்திடம் கொடுத்தார்கள். செண்பகம் எங்கள் தெரு அமிர்தவள்ளியின் மகள். அம்மை போட்டுக் கண் போனவள். பள்ளிக்கூடம் சேருமுன் அம்மாவோடு, தோல் பதனிடுகிற தோல்ஷாப்புக் கிடங்கில் உட்கார்ந்து ஆட்டுத்தோலைத் தடவித் தடவித் தரம் பிரித்தவள். மெல்லிசு எது, முரடு எது என்று கை சொல்லிவிடும். அதே கைதான் புள்ளியையும் சீக்கிரம் பிடித்துக்கொண்டது. வருஷக் கடைசியில் பரீட்சை வைக்க ஒரு துரை வருவார்; அதில் தேறினால் செண்பகம் பள்ளிக்கூடத்திலேயே தங்கிச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம், சோறும் துணியும் அங்கேயே. தேறாவிட்டால் தோல்ஷாப்பு. அது அவளுக்கும் தெரியும். புத்தகத்தை மடியைவிட்டு இறக்கவே இல்லை.

துரை வந்த அன்று நானும் வராந்தாவில் நின்றேன். கப்பல் பாடத்தில் கேட்டார்.

"கப்பல் எதனால் ஓடுகிறது?"

"காத்தால ஓடுது, சார். பாய் கட்டுவாங்க" என்று கணீரென்று சொன்னாள்.

"அது உன் தாத்தா காலத்துக் கப்பல். இப்போது?"

"பாய்தான், சார்" என்று மறுபடி அதையே சொன்னாள் செண்பகம். அடுத்த பாடம், அதற்கடுத்த பாடம். முதலில் கேட்டதற்குப் பதில் வரும். அதற்குமேல் கேட்டால் நின்றுவிடுவாள். பாதி படித்துவிட்டு ஏமாற்றப் பார்க்கிறாள் என்று துரை எழுதிவிட்டார். அமிர்தவள்ளி வந்து மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். சவுரிக்கு என்னைவிடக் கோபம். "இவ்ளோ பாடுபட்டுக் குத்திக் கொடுத்தா, பாதியிலே வச்சிட்டாளே, கழுதை!"

அந்தக் கோபம் ஆற நாளாயிற்று. ஒரு மத்தியானம் கிடங்குக்கு அவளைப் பார்க்கப் போனோம். தோல் குவியலுக்கு நடுவே செண்பகம் உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி, கப்பல் பாடம் சொல்லு பார்ப்போம்" என்றாள் சவுரி.

பாய்மரம் வரை மளமளவென்று சொன்னாள்.

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா அத்தே? தாளு முடிஞ்சிபோச்சு."

"கீழே இருந்துச்சேடி!"

"கீழே வழவழன்னு இருந்துச்சு. ஒண்ணும் தட்டுப்படல. தோலுல ஓரம் வந்தா திருப்பிப் போட்டுட்டு அடுத்ததை எடுப்போம்ல, அதான் திருப்பிட்டேன்." சொல்லிக்கொண்டே கையிலிருந்த தோலைத் திருப்பிப் போட்டாள்.

படத்துக்கு விட்ட இடம் அது என்று அப்போதுதான் சவுரிக்கு உறைத்தது. மறுநாள் வெள்ளைக்கார அம்மாளிடம் போய், "அவ ஏமாத்தலம்மா, நான் விட்ட இடம்தான் அவளைத் தின்னுடுச்சி" என்று அழுதாள். அம்மாள் மனம் இரங்கி, அடுத்த வருஷப் பரீட்சைக்கு அவளை அழைத்து வரச் சொன்னாள்.

புத்தகம் முழுவதையும் மறுபடி குத்தினாள். இந்தத் தடவை இடமே விடவில்லை. படம் வருகிற இடத்தில், "இங்கே ஒரு படம், கடல்மேல் கப்பல், புகைபோக்கியிலிருந்து புகை வருகிறது" என்று வார்த்தையால் குத்தினாள். கை வீங்கியது. சுடுதண்ணீரில் முக்கிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். நான் அதட்டினேன், கேட்கவில்லை. என்னைப் போலவே பிடிவாதம்.

அதற்குள் அமிர்தவள்ளி காசநோயில் படுத்துவிட்டாள். கிடங்குக் கூலி போதவில்லை என்று செண்பகம் சுண்ணாம்புத் தொட்டிக்குப் போனாள். மயிர் கழிய ஊறவைத்த தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போடுகிற வேலை. தோல்ஷாப்பு முதலாளி ஷபீ அஹமது சாயபு நல்ல மனுஷர். வேண்டாம் பெண்ணே என்றுதான் சொன்னாராம். வயிறு கேட்கவில்லை.

புத்தகம் முடிந்ததும் சவுரி அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் பின்னால் போனேன். செண்பகம் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். சுண்ணாம்பில் விரல் நுனியெல்லாம் வெடித்து, காய்ந்து, கொம்பு மாதிரி இருந்தது. தாளை மேலிருந்து கீழே தடவினாள். மறுபடி தடவினாள்.

"அத்தே, இதுல எழுதியிருக்குதா?"

சவுரி அவள் விரலைப் பிடித்துப் புள்ளிமேல் அழுத்தி அழுத்தி வைத்தாள். அந்த விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. கடைசியில் தானே வாய்விட்டுப் படித்தாள். மேல் பாதி, படம், கீழ்ப் பாதி, கேள்வி எல்லாம்.

"ஆவியிலயா ஓடுது?" என்றாள் செண்பகம். "சோத்துப் பானை மூடியைத் தூக்குமே, அந்த ஆவியா?"

"அதேதான்டி."

"அடச்சே, இவ்ளோதானா!" என்று சிரித்தாள். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். சுவரைத் தொட்டுக்கொண்டே தொட்டிப் பக்கம் போய்விட்டாள். பரீட்சைக்கு அவள் வரவில்லை.

சவுரி சாகும்வரை குத்திக்கொண்டுதான் இருந்தாள். ஒரு தாளிலும் விரற்கடை இடம்கூட விட்டதில்லை.