மாமா எடுத்த மண்மூட்டைகள்

மாரி மழை பிடித்து, குளக்கட்டுகளுக்குக் கீழே குடியிருப்போர் அவதானமாக இருக்கவும் என்று வானொலியில் யாராவது வாசித்தால், இன்றைக்கும் என் முழங்கால் இரண்டும் ஆடத் தொடங்கும். இந்த வயதில் முழங்கால் ஆடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு என்கிறாள் என் மகள். எட்டு வயதில் ஒரு குளத்தை உடைத்தவளிடம் அந்த வைத்தியம் எடுபடாது. உடைத்தவள் என்பதுகூடக் கொஞ்சம் மிகைதான். ஒரு பின்னேரம் முழுக்க, உடைத்துவிட்டதாக நம்பியவள்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் ஊர்க்குளம் சிறியது. யார் கட்டியது என்று கேட்டால் ஆளுக்கொரு அரசனைச் சொல்வார்கள். கடைசியாக எப்போது திருத்தியது என்று கேட்டால் எல்லோரும் பேச்சை மாற்றுவார்கள். கட்டின்மேல் மருதமரங்கள் நின்றன. மாடுகள் ஏறி இறங்கிப் பள்ளம் பறித்திருந்தன. உடும்புகள் குடும்பம் குடும்பமாக வளை தோண்டிக் குடியிருந்தன. மரம் நின்றால் கட்டுக்குப் பலம் என்பது ஊரின் எண்ணம். வேர் உள்ளுக்குள் என்ன செய்கிறது என்று எவரும் எட்டிப் பார்க்கவில்லை.

அம்மாவின் அண்ணன், என் மாமா, அந்த வயல் வட்டைக்கு வட்டவிதானை. குளத்துக்குக் கீழே உள்ள வயல்களுக்கெல்லாம் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுக்க விவசாயிகளே தெரிந்தெடுத்த ஆள். தண்ணீர் வந்தால் கடவுள் தந்தது, வராவிட்டால் மாமா தராதது என்ற ஒழுங்கில் அந்தப் பதவி நடந்துகொண்டிருந்தது.

குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர், கட்டின் ஓரத்தில் தாழ்வாகக் கட்டிய வான் வழியாக வழிந்து ஓட வேண்டும். வான் பாயும் நாள் எங்களுக்குத் திருவிழா. மீன் எதிர்த்து ஏறும். அத்தாங்கைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், விராலும் பனையானும் அந்தக் கைவலைக்குள் தாமாக வந்து விழும். பெரியவர்களுக்கோ அந்தத் தண்ணீரைக் கண்டால் வயிறு எரியும். கோடையில் செய்ய வேண்டிய சிறுபோகமல்லவா கண்ணுக்கு முன்னால் வாவிக்குப் போகிறது! ஆகவே ஆண்டுதோறும் வானின்மேல் மண்மூட்டை அடுக்கி, இன்னும் இரண்டு சாண் தண்ணீரை மறிப்பார்கள். ‘தொப்பி வைப்பது’ என்று இதற்கு ஊரில் பெயர். தொப்பியின் பாரம் தாங்குமா என்று கட்டிடம் யாரும் கேட்டதில்லை.

அந்த வருடம் தொப்பி மூன்று வரிசை உயரம். வான் பாயவில்லை, மீனும் இல்லை. மாமாவின் மகள், என்னைவிட ஒரு வயது மூத்த மச்சாள், ஒரு மத்தியானம் என்னை வானடிக்குக் கூட்டிப்போனாள். கையில் மாமாவின் அத்தாங்கு.

“ஒரு மூட்டையத்தான் எடுக்கப்போறம். மீனப் புடிச்சிட்டு மறுகா வெச்சிருவம்.”

“மாமா கண்டா?”

“அப்பா சோறு திண்டுட்டுப் படுத்துக் கிடக்கார். பயந்தாங்கொள்ளியெண்டா நீ வீட்ட போ.”

அவள் சொன்னது உண்மை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு பேருமாக ஒரு மூட்டையைப் பிடித்து இழுத்தோம். மண்மூட்டைகள் ஒன்றையொன்று நம்பி இருப்பவை என்பது எங்களுக்குத் தெரியாது. ஒன்று போனதும் பக்கத்தது போனது, பிறகு மூன்று வரிசையும் போனது. தண்ணீர் போட்ட சத்தத்தில் மச்சாள் அத்தாங்கைக் கைவிட்டாள். நான் மச்சாளைக் கைவிட்டு ஓடினேன். ஒரு மீன்குஞ்சுகூட அகப்படவில்லை.

வீட்டுக்கு வந்து, காய்ச்சல் என்று பாயில் சுருண்டு படுத்தேன். ஒரு மணித்தியாலம் போயிருக்காது, ஒழுங்கையில் ஆட்கள் ஓடும் சத்தம்.

“குளம் உடையப்போகுதாம்! பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்க!”

ஒருவர் நெல்மூட்டையோடு ஓடினார். பக்கத்து வீட்டுக்காரர் ஓர் ஆட்டுக்குட்டியையும் சுவர் மணிக்கூட்டையும் அணைத்துக்கொண்டு ஓடினார். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“காய்ச்சலுமில்ல, ஒண்டுமில்ல. எழும்பு மனே!”

எங்கள் வீடு கட்டுக்கு நேர் கீழே. வீடு, வயல், சினைப்பசு எல்லாம் என்னால் வாவிக்குப் போகப்போகின்றன. அம்மாவின் கையை உதறிவிட்டு, குற்றத்தை ஒப்புக்கொள்ளக் குளத்தை நோக்கியே ஓடினேன். ஊர் முழுவதும் எதிர்த்திசையில் ஓடியது. அம்மா கத்திக்கொண்டு என் பின்னால் வந்தார்.

ஆண்கள் வானடியில் இல்லை. கட்டின் நடுவில், வயல் பக்கத்துச் சரிவில், ஒரு பழைய மருதமரத்தின் வேரடியில் நின்றார்கள். அங்கே மண்ணுக்குள்ளிருந்து சேற்று நிறத்தில் தண்ணீர் கொப்பளித்தது. வானடியில் விழுந்து கிடந்த மூட்டைகளைச் சுமந்து வந்து அதைச் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மாமா தொடையளவு சேற்றில் நின்றார். கரையில் அவர் கழற்றி வைத்த சேர்ட்டுக்கு அடியிலிருந்து அத்தாங்கின் காம்பு நீட்டிக்கொண்டிருந்தது. இந்த அவதியிலும் இந்த மனிதர் மீன் பிடிக்க நினைக்கிறாரே என்று எனக்கு அதிசயமாக இருந்தது.

குளங்களைப் பார்வையிடும் உத்தியோகத்தர் டவுனிலிருந்து ஜீப்பில் வந்து சேர்ந்தபோது இன்னும் வெயில் இருந்தது. அதற்குள் குளம் இரண்டு சாண் இறங்கி, கொப்பளிப்பு மெலிந்து, கலங்கல் தெளிந்திருந்தது. அவர் குனிந்து அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தார். பிறகு வானைப் பார்த்தார்.

“ஆர் வான்மூட்டைய எடுத்தது?”

நான் வாயைத் திறந்தேன்.

“நாந்தான் ஐயா” என்றார் மாமா.

“நல்ல வேல செஞ்சீங்க. வேரடியால காலமையே ஊறத் தொடங்கியிருக்கு. அந்த மூட்டையள் இன்னும் இருந்திருந்தா, இப்ப கட்டும் இல்ல, கீழ ஒரு வீடும் இல்ல. இனி ஒருக்கா அடுக்கினீங்களெண்டா, மூட்டைக்குப் பதிலா உங்களத்தான் தூக்கி வெப்பன்.”

சனம் சிரித்தது. சிரிக்கலாம் என்று தெரிந்ததும் அடக்க முடியாமல் சிரித்தது. அம்மா கட்டின்மேல் குந்தியிருந்து அழுதுகொண்டே சிரித்தார். மணிக்கூடு வீடு திரும்பியது, ஆட்டுக்குட்டி பின்னால் நடந்து போனது.

“பொய்! நாமதானே எடுத்தம்?” என்று மச்சாள் என் காதுக்குள் சீறினாள். நான் அவளைக் கிள்ளினேன். தலைக்கு வந்தது வேறு வீட்டுக்குப் போனால் முகவரி திருத்தப் போகக்கூடாது என்ற அறிவு எனக்கு அப்போதே இருந்தது. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் மாமாவுக்கு முதல் பிரசாதம் கொடுத்தபோது எனக்கும் பொறுக்கவில்லை. ஊரைக் காப்பாற்றியது நாங்கள், பொங்கல் அவருக்கு!

பங்குனி பிறந்து, சிறுபோகக் கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. குளத்தில் இருந்த தண்ணீர் பாதி வட்டைக்குத்தான் காணும்.

“எல்லா மூட்டையயும் ஏன் எடுத்த நீ? ஒரு வரிசய உட்டிருந்தா எண்ட வயலும் விளைஞ்சிருக்குமே” என்று ஒருவர் எழும்பினார்.

“கொஞ்சம் ஊறினா குளம் போயிருமா? வட்டவிதானைக்கு எப்பவும் அவசரந்தான்” என்றார் மணிக்கூட்டோடு ஓடியவர்.

“ஓம். எண்ட பிழைதான்” என்றார் மாமா. அவருடைய வயலும் தண்ணீர் எட்டாத பாதியில்தான் இருந்தது. ஏச்சு ஒரு மணித்தியாலம் நீண்டது.

நானும் மச்சாளும் கடைசி வாங்கிலில் கச்சான் கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தோம். பொய் சொல்லிப் புகழ் வாங்கியவருக்கு இது நன்றாக வேண்டும் என்று எங்களுக்குப் பரம திருப்தி. இடையில் மாமா ஒருமுறை திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடியும் கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கச்சான் கேட்கிறார் என்று நினைத்து நான் கையைப் பொத்திக்கொண்டேன்.